பெரிய வெள்ளிக்கிழமை பிஸ்கட் டின்

ஸ்டெய்னார் லோம்ஹெய்ம் இருபத்தாறு வருஷம் எங்கள் பள்ளத்தாக்கின் ஒரே போலீஸ்காரராக இருந்தார். அந்த இருபத்தாறு வருஷத்தில் இங்கே ஒரு கொலைகூட நடக்கவில்லை. நடந்ததாக வந்த தகவல்கள் மட்டும் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் ஈஸ்டர் வாரத்தில் வந்தவை. அத்தனைக்கும் போனை எடுத்தவள் நான்தான். அந்த அலுவலகத்தில் அவர் போலீஸ், நான் மற்ற எல்லாம்.

தப்பு எங்கள் ஜனங்கள் மேல்தான். வருஷம் முழுக்க ஒழுங்காக இருப்பார்கள். ஈஸ்டர் வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்குடிலுக்கு ஏறிவிடுவார்கள். பை நிறைய ஆரஞ்சு, சாக்லேட், ஆளுக்கு மூன்று கொலைக் கதை. காலையில் பனிச்சறுக்கு, மத்தியானம் வெயில் விழும் சுவரில் சாய்ந்துகொண்டு கொலை. அந்த வாரம் பால் டப்பாவின் முதுகில்கூட ஒரு குட்டிக் கொலைக் கதை அச்சடித்திருக்கும். காப்பிக்குப் பால் ஊற்றும்போதே துப்பறிய வேண்டும். ஐந்து நாள் இப்படிப் போனால் பக்கத்துக் குடிலில் விளக்கு எரிந்தாலும் சந்தேகம், எரியாவிட்டாலும் சந்தேகம். உடனே எங்களுக்குப் போன்.

ஒருவர் நீளமான பொட்டலத்தைப் பனியில் இழுத்துப்போனதாகப் புகார் வந்தது. அது சுருட்டிய கம்பளம். ஒரு வீட்டுக் கொல்லைக் கழிப்பறையில் விடாமல் முனகல் கேட்பதாக இன்னொரு புகார். ஸ்டெய்னார் போய் விசாரித்து, "மலச்சிக்கல், குற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் போவார். அதுதான் அவர். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் அவருக்கு உயிர். ஒரு கோடையில் தன் மேலேயே வழக்கு எழுதிக்கொண்டார். மீன்பிடி அனுமதிச் சீட்டு முதல் நாளோடு முடிந்துவிட்டதைக் கவனிக்காமல் ஒரு மீனைப் பிடித்துவிட்டாராம். மீனைத் திரும்ப ஆற்றில் விட்டாரா என்று கேட்காதீர்கள். சீட்டைப் பார்க்கும்போது அது வாணலியில் இருந்தது.

கொலைக் கதை என்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மனைவி நூலகத்திலிருந்து எடுத்து வருவதைப் பிடுங்கி, பதினைந்து பக்கம் படித்து, ஓரத்தில் பென்சிலால் திருத்துவார். "சோதனை போட அனுமதி எங்கே?" "வண்டியை நிறுத்தக் கூடாத இடம்." "இந்த அதிகாரி தூங்குவதே இல்லையா? வேலை நேரச் சட்டம் என்ன ஆயிற்று?" நூலகம் இரண்டு முறை கண்டித்துக் கடிதம் எழுதியது. புத்தகத்தில் கிறுக்கியது தப்பு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதோடு கதையில் இருந்த பிழைகளின் பட்டியலையும் இணைத்தார்.

நான் சொல்ல வந்தது அவருடைய கடைசி ஈஸ்டரை. ஜூனில் ஓய்வு பெற வேண்டியவர். பெரிய வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"நான் திரினே. ஒட்னியோட மருமக. குடில்ல இருந்து பேசறேன். இங்க விறகுக் கொட்டகையில ஒரு ஆளு இருக்கான்."

"உயிரோடயா?"

"டின்னுக்குள்ள."

"எவ்ளோ பெரிய டின்னு?"

"பிஸ்கட் டின்னு. கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்டது."

இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு கேள்வி உண்டு. "என்ன கதை படிச்சிட்டிருக்கீங்க? எத்தனாவது பக்கம்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருநூத்திப் பத்து."

"முழுசாப் படிச்சிட்டுக் கூப்பிடுங்க. பாதியில நிறுத்தினா எல்லாருமே கொலைகாரங்களாத்தான் தெரிவாங்க."

"ஏங்க, நான் பல் டாக்டர். டின்னு நிறைய சாம்பல். அதுல எலும்புத் துணுக்கு இருக்கு. எலும்பு எனக்குத் தெரியாதா?"

ஸ்டெய்னாரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

மலையில் பனிவண்டி ஓட்டுவது அவசரத்துக்கு மட்டும்தான். டின்னுக்குள் இருப்பவருக்கு இனி அவசரம் எதுவும் இருக்க முடியாது என்று ஸ்டெய்னார் தீர்மானித்ததால், நான்கு கிலோமீட்டர் ஏற்றத்தை நாங்கள் சறுக்குக்கட்டையிலேயே ஏறினோம். வாக்குமூலம் எழுத ஆள் வேண்டும் என்பது விதி. ஆகவே நானும். ஐம்பத்தெட்டு வயதில் என் இடுப்பு அந்த விதியை எழுதியவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது.

குடிலை அடைந்தபோது விறகுக் கொட்டகையைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. உள்ளே யாரும் போகக் கூடாதாம். வெயில் சுவரில் சாய்ந்து ஒட்னி உட்கார்ந்திருந்தாள். எழுபத்து நான்கு வயது. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் எங்கள் எல்லாருடைய கடிதங்களையும் வெளிப்பக்கம் மட்டும் படித்தவள். அதோடு தேவாலயத்தைப் பெருக்கித் துடைப்பதும் அவள் வேலைதான். ஆறு வருஷம் முன்பு புருஷன் சிக்வால் இறந்த பிறகு அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் மகன் ஹோகன், நாற்பத்தாறு வயது, மூக்கு சிவக்க வெயிலில் படித்துக்கொண்டிருந்தான்.

"அந்த நூலு இவனுக்கு ஸ்வெட்டர் பின்ன வெச்சிருந்தது," என்றாள் ஒட்னி எங்களைப் பார்த்ததும். "உன் ஆளுங்க யாராவது அறுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன், ஸ்டெய்னார்."

"என் ஆளுங்கன்னா இவ ஒருத்திதான், ஒட்னி."

"அப்ப அவளத்தான் சொல்றேன்."

ஹோகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். "வாங்க. யாரு கொலைகாரன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் இன்னும் முடிக்கல."

திரினே எங்களைச் சமையல் மேசைக்கு இழுத்துப்போனாள். ஆதாரங்களை வரிசையாக வைத்திருந்தாள். இந்தக் குளிர்காலத்தில் அடுக்கின் கடைசி விறகுவரை எரிந்துபோனதால், சுவரோரம் மறைந்திருந்த டின் இன்று காலை வெளியே வந்திருக்கிறது. அது ஒன்றாவது. இரண்டாவது, ஒரு குடும்பப் புகைப்படம். ஒரு பெண்ணின் தலை கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, குடில் நோட்டு. யார் வந்தாலும் தேதி, வானிலை, என்ன செய்தோம் என்று அதில் எழுதியாக வேண்டும். ஐம்பது வருஷமாக ஒரு வருகைகூட விட்டுப்போகவில்லை. அதில் ஆறு வருஷம் முன்பு அக்டோபர் மாதத்து ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

"நாலாவது, லெய்ஃப் சித்தப்பா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "மாமாவோட தம்பி. எண்பத்திரண்டாம் வருஷத்துக்கு அப்புறம் அவர யாரும் பாக்கல. இந்த வீட்ல அவர் பேரையே எடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியம் இருக்கும், ஸ்டெய்னார். அத எங்கயாவது புதைச்சு வெச்சிருப்பாங்க."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்றேன் நான்.

"நூத்து எண்பது," என்றாள். பிறகுதான் என்னை முறைத்தாள்.

ஸ்டெய்னார் முறைப்படி புகைப்படத்தில் தொடங்கினார். வெளியே போய் ஒட்னியிடம் காட்டினார்.

"இது யாரோட தலை?"

"என்னோடதுதான்."

"எதுக்கு வெட்டினீங்க?"

"அந்த வருஷம் முடியச் சுருட்டி விட்டுக்கிட்டேன். ஆட்டுக்கெடா மாதிரி இருந்துச்சு. நீயும் பாத்திருப்பே, தபால் வாங்க வரப்ப சிரிச்சே."

ஸ்டெய்னார் அதை மறுக்கவில்லை. என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்தது லெய்ஃப். அந்த மலையில் விறகு வெட்டும் கட்டையின் மேல் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஸ்டெய்னார் அலுவல் முறையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கட்டையில் ஏறினார். நான்கு இடம் கேட்டு ஐந்தாவது அழைப்பில் ஆள் கிடைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நான் செத்துட்டேனா? யாரு சொன்னது, ஒட்னியா?" என்று கத்தினார் லெய்ஃப். "நான் சுவீடன்ல நல்லா இருக்கேன். கதையில முக்கியமான கட்டம், போன வைங்க!"

திரினேயின் முகம் வாடிப்போனது. "அப்புறம் ஏன் அத்தை அவரப் பத்திப் பேசவே மாட்டேங்கறீங்க?"

ஒட்னி பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். "எண்பத்திரண்டுல சறுக்குப் போட்டி. நம்ம நாட்டுப் பையன் முன்னால வந்திட்டிருக்கான். ஓரத்துல ஒருத்தன் சுவீடன் கொடியப் புடிச்சு ஆட்டுறான். பாத்தா இந்த லெய்ஃப். ஊரே டிவியில பாத்துச்சு. செத்துப்போயிருந்தாக்கூட நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம்."

இதுதான் அந்தக் குடும்பம் புதைத்து வைத்திருந்த ரகசியம். எனக்கு அவமானமாக இருந்தது, அவர்களுக்காக. சுவீடன் கொடி என்றால் சும்மாவா?

மிச்சம் இருந்தது டின். ஸ்டெய்னார் சிவப்பு நூலை அறுக்காமல் குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தார். கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். வெளிர் சாம்பல், முக்கால் டின். விரலால் மெல்லத் துழாவினார். எதையோ எடுத்தார். காசளவு வட்டமான ஒரு சுட்ட மண் வில்லை. அதில் எண் பொறித்திருந்தது. திரினேயின் பார்வையில் படுவதற்குள் கையை மூடிக்கொண்டார்.

அந்த வில்லை என்னவென்று எங்கள் வேலையில் இருக்கும் யாருக்கும் தெரியும். தகனம் செய்யும்போது பெட்டியோடு உள்ளே வைப்பார்கள், சாம்பல் மாறிப்போகாமல் இருக்க. பல் டாக்டர் சொன்னது சரி. டின்னில் இருந்தது மனுஷன்தான்.

ஸ்டெய்னாரின் காது இரண்டும் சிவந்தன. வெளியே வந்து, "ஒட்னி, உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்," என்றார். திரினேயையும் ஹோகனையும் உள்ளே அனுப்பினார். நான் நோட்டோடு சுவரோரம் நின்றேன்.

அவர் கையை விரித்துக் காட்டினார். ஒட்னி வில்லையைப் பார்த்தாள். பிறகு பின்னல் பையின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். குடில் நோட்டில் கிழிந்துபோன பக்கம். ஒட்னியின் தபால் நிலையத்துக் கையெழுத்து.

"அக்டோபர் 14. சிக்வாலும் நானும். மழை. விறகு அடுக்கினோம்."

அந்தத் தேதியில் சிக்வால் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"வழக்கம் போல எழுதிட்டேன்," என்றாள். "இந்த நோட்டுல பொய் எழுத வராது. எழுதினப்புறம்தான் ஐயோ யாராவது படிச்சா என்ன ஆகும்னு கிழிச்சேன்."

ஸ்டெய்னார் அந்தத் தாளைப் பழையபடி நான்காக மடித்தார். "அப்ப கல்லறையில? நான் வந்திருந்தேனே. முதல் வரிசையில நின்னேன். கலசத்த இறக்குறப்ப தொப்பியக் கழட்டினேனே. எதுக்குக் கழட்டினேன்?"

"அடுப்புச் சாம்பலுக்கு."

"அடுப்புச் சாம்பலுக்கா!"

"பிர்ச் மரம். நல்லாக் காஞ்ச விறகு," என்றாள் ஒட்னி, அவரைச் சமாதானப்படுத்துவதுபோல. "தேவாலயத்துச் சாவி எங்கிட்டதானே இருந்துச்சு."

"இது சட்டவிரோதம், ஒட்னி. ஒண்ணு கல்லறையில வெக்கணும். இல்ல, மனு போட்டு அனுமதி வாங்கி மலையில தூவணும். டின்னுல போட்டு விறகுக்குப் பின்னால வெக்கக் கூடாது. ஒரு மனு போட்டிருக்கலாமே?"

"பசங்களுக்குக் கல்லறை வேணும்னாங்க, பூ வெக்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? ஆனா அவருக்குப் பக்கத்துக் குழி யாருதுன்னு உனக்குத் தெரியுமில்ல? ஆஸ்பியோர்ன். முப்பது வருஷம் வேலித் தகராறு. செத்தப்புறமும் அவன் பக்கத்துலயே படுக்க வெச்சா எங்க வீட்டுக்காரர் எழுந்து வந்துடுவாரு." அதுவரை கெட்டியாக இருந்த அவள் குரல் அங்கே உடைந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்து கொட்டகையில உக்காந்து பேசிட்டுப் போறேன். அதுக்குத்தான் உசுரோட இருக்கேன். நீ கீழ கொண்டுபோய்ட்டா நான் யாருகிட்ட பேசுவேன்? அப்புறம் எனக்கும் அந்தக் கல்லுல இடம் விட்டுப் பேரு வெட்டியிருக்காங்க. நான் போய் விறகுச் சாம்பல் பக்கத்துல படுக்கணுமா, ஸ்டெய்னார்?"

"சட்டம்னா..." என்று ஆரம்பித்தார் ஸ்டெய்னார். இருபத்தாறு வருஷமாக நான் கேட்டுச் சலித்த வாக்கியம். அன்று அவரால் அதை முடிக்க முடியவில்லை. தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, உரித்து, சுளை சுளையாக முழுவதையும் தின்றார். அவர் தின்று முடிப்பதற்குள் நான் என் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

பிறகு அவர் வில்லையை டின்னுக்குள் போட்டு மூடி, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குடிலுக்குள் போனார். மேசையில் வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இது," என்றார், "நாயி."

வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய். அதையும் ஒரு பல் டாக்டரிடம் சொல்ல வேண்டி வந்தது.

"நாயா?" என்றாள் திரினே. "இவ்ளோ சாம்பலா?"

"பெரிய நாயி," என்றாள் பின்னாலேயே வந்த ஒட்னி. "உருளைக்கிழங்குன்னா உசுரு."

ஹோகன் எழுந்து வந்தான். "நம்ம டாஸா? காட்டுக்குள்ள ஓடிப்போச்சுன்னு சொன்னீங்களேம்மா?"

"நீ அழுவேன்னு அப்படிச் சொன்னோம்."

திரினே இன்னும் விடவில்லை. "நான் டாஸைப் பாத்ததே இல்ல. எப்படி இருக்கும்?"

ஒட்னி டின்னின் மேல் கையை வைத்தாள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகம் மறைந்தது. "முரடு. சொன்ன பேச்சு கேக்காது. பக்கத்து வீட்டு ஆஸ்பியோர்னைக் கண்டாலே உறுமும். குறட்டை வேற. ஈரக் காலோட வீடெல்லாம் நடக்கும். ஆனா குளிர் காலத்துல பக்கத்துல படுத்தா அப்படி ஒரு சூடு. நான் எங்க போனாலும் வாசல்ல நின்னு பாத்துட்டிருக்கும், திரும்பி வர வரைக்கும்."

ஹோகன் திடீரென்று டின்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பாவின் கல்லறையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். கையில் பூவோடு மரம்போல நின்றவன். அன்று நாற்பத்தாறு வயது ஆள் தோள் குலுங்க அழுதான். "நல்லவன்டா நீ," என்றான் டின்னிடம். "உனக்கு ஒழுங்கா வழியனுப்பக்கூட இல்லையே." ஒட்னி அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஸ்டெய்னாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயானாலும் மரியாதை வேண்டும் என்றாள் திரினே. மனசு நல்ல பெண்தான், பாவம். கொட்டகையில் டின்னைப் பழைய இடத்திலேயே வைத்து, புது விறகை அடுக்கினோம். ஒட்னி வாஃபிள் சுட்டாள், எல்லாரும் பனியில் நின்றபடி ஜாமோடு தின்றோம். அதற்கு முன்னால் ஸ்டெய்னார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். ஒரு நாய்க்கு எதற்கு இவ்வளவு என்று ஹோகன் கேட்கவில்லை.

கிளம்பும்போது திரினே குடில் நோட்டை நீட்டினாள். வந்தவர்கள் எழுதியாக வேண்டும். ஸ்டெய்னார் பேனாவோடு தவித்தார். அதில் பொய் எழுத அவருக்கும் வராது. கடைசியில் எழுதினார்: "பெரிய வெள்ளி. வெயில். பனி நன்றாக இருக்கிறது. காணாமல் போனவர் யாரும் இல்லை. குடும்பத்தார் எல்லாரும் குடிலில் நலம்."

திங்கட்கிழமை திரினே அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "கதைய முடிச்சிட்டேன். எல்லாத்தையும் மறைச்சது யாருன்னு நெனைக்கிறீங்க? அந்தப் போலீஸ்காரன்! நம்பவே முடியல."

"எங்களாலயும்தான்," என்றேன்.

ஜூனில் ஸ்டெய்னார் ஓய்வு பெற்றார். ஆகஸ்டில் தேவாலயத்தில் பணியாள் வேலைக்கு மனு போட்டார். பெருக்குவது, மணி அடிப்பது, குழி தோண்டுவது. முதுகுவலிக்காரருக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. அவர் மனைவி என்னிடமே வந்து புலம்பினாள். நானும் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொன்னேன். எனக்கும் புரியவில்லை.

நான்கு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதம், ஒட்னி தூக்கத்திலேயே போய்விட்டாள். தகனம் முடிந்து கலசம் ஊருக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடக்கத்துக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஸ்டெய்னார் நின்றிருந்தார். ஒரு கையில் தேவாலயத்துச் சாவி, இன்னொரு கையில் காலி வாளி.

"சிஸ்ஸெல்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். காது இரண்டும் சிவந்திருந்தன. "உன் அடுப்புல சாம்பல் இருக்கா?"

அந்தச் சாவிக்காகத்தான் அவர் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாளியை வாங்கிக்கொண்டு அடுப்பின் முன்னால் முட்டி போட்டேன். கரண்டியால் அள்ள அள்ளக் கண் மறைத்தது.

அவர் வாசலிலேயே நின்றார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிர்ச்தானே?"

"பிர்ச்தான்," என்றேன். "நல்லாக் காஞ்சது."